ஆள் இறங்க நிற்கும் குதிரை

காலை ஆறு மணி நாற்பது. முதலில் தெரிந்தது ஒரு குதிரையின் வயிறு. கீழிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பழுப்பு வயிறு, குறுக்கே தோல் வார், வாருக்குப் பக்கத்தில் முடி முளைக்காத பழைய தழும்பு. அதற்கு அப்பால் கைவண்டிச் சக்கரங்கள். சக்கரங்களுக்கு இடையே மனிதக் கால்கள். பிறகு எல்லோரும் ஒன்றாகப் பேசினார்கள்.

இடம் மட்டாஞ்சேரி, கொச்சங்காடியில் சுக்குக் கிடங்குகள் இருந்த தெரு. காலம் ஐம்பதுகளின் கடைசி. கேரளம் என்ற மாநிலம் உண்டாகி அதிக நாள் ஆகவில்லை. விழுந்தவன் நான், ஆறுமுகம். வயது இருபத்தாறு. தகுதிகாண் பருவத்தில் இருந்த இன்ஸ்பெக்டர். இலாகாவின் பெயர் இங்கே தேவையில்லை. கடல் வழியாக வரும் சரக்கு, வரி கட்டாமல் கரையேறாதபடி பார்ப்பது அதன் வேலை.

போன மாதம், வல்லார்பாடத்தில் கன்டெய்னர் முனையத்தில் வேலை பார்க்கும் ஓர் இளம் பெண் அதிகாரி வீட்டுக்கு வந்திருந்தார். அவர்கள் இப்போது பெட்டியைத் திறப்பதில்லை. எந்திரத்துக்குள் அனுப்பினால் உள்ளே இருப்பது திரையில் தெரிகிறதாம்.

“சாரே, உங்க காலத்துல குதிரை ஓட்டத் தெரியலைன்னா வேலை போயிடுமாமே, உள்ளதா?” என்று கேட்டார்.

உள்ளதுதான் என்றேன். அவர் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தேன். பிறகு அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக மட்டாஞ்சேரி. அப்பாவுக்கு பஜார் ரோட்டில் பாய்க்கடை. வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம், கடையில் கொங்கணியும் குஜராத்தியும். படித்து முடித்ததும் இரண்டு வருடம் ஒரு தமிழ் நாளிதழுக்குத் துறைமுகச் செய்திகள் அனுப்பினேன். பிறகு கொல்லத்தில் இலாகா கிளார்க். பிறகு பரீட்சை எழுதி இன்ஸ்பெக்டர். பயிற்சியில் கற்றுக்கொடுத்தவை: மூட்டையை அவிழ்க்காமல் குத்தூசியால் சரக்கை எடுப்பது, தோணியின் அடித்தட்டு இரட்டையா என்று தட்டிக் கேட்பது, பிடித்த சரக்குக்கு மகஜர் எழுதுவது. அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

சூப்பரிண்டெண்ட் மேனன் மட்டாஞ்சேரிக்கு மாற்றலாகி வந்தது என் தகுதிகாண் பருவத்தின் கடைசி வருடத்தில். அவருக்கு அப்போது ஐம்பத்து மூன்று வயது; அந்தக் காலத்தில் ஐம்பத்தைந்தில் ஓய்வு. மெலிந்த உடம்பு, கனத்த கண்ணாடி, மடிப்புக் கலையாத வெள்ளைக் கால்சட்டை. அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றிக் கூட்டில் வைத்துவிட்டுப் பேசுவார். எதிரில் நிற்பவரைச் சரியாகப் பார்க்காமல் திட்டுவது ஒரு மரியாதை என்று நினைத்தாரோ என்னவோ.

தான் பார்க்காத எதற்கும் அவர் கையெழுத்துப் போடுவதில்லை. சுக்கு என்று தாள் வந்தால் குடையை எடுத்துக்கொண்டு ஜெட்டிக்கு, அதாவது தோணித்துறைக்கு, நடப்பார். ஏதாவது ஒரு மூட்டையைக் காட்டி அவிழ்க்கச் சொல்வார். கையை முழங்கை வரை உள்ளே விட்டுத் துழாவி, வெளியே எடுத்து முகர்ந்து பார்த்த பிறகுதான் பேனா மூடி திறக்கும். சுக்குக்குப் பூசும் சுண்ணாம்பு அவர் கோட்டுக் கையில் எப்போதும் ஒட்டியிருக்கும்.

ஒருமுறை என் அறிக்கையில், ‘சந்தேகத்துக்குரிய தோணி ஒன்று என்னைக் கண்டதும் விரைந்து தப்பியது’ என்று எழுதியிருந்தேன். மேனன் கூப்பிட்டார். அவர் பேசியது மலையாளம். தமிழில்தான் எழுதுகிறேன், ஒன்றிரண்டு சொற்கள் மட்டும் அவருடையவையாகவே நிற்கட்டும்.

“தோணியைக் கண்டோ?”

“இருட்டிப்போச்சு சார். துடுப்புச் சத்தம் கேட்டது.”

“அது ஆறுமுகத்தைக் கண்டோ?”

“தெரியாது சார்.”

“அப்போ, துடுப்பின் சத்தம் கேட்டது என்று எழுது. மதி.” போதும் என்று பொருள்.

நாளிதழில் இருந்தவனுக்கு இந்தத் திருத்தல் பழக்கமானதுதான். ஒரே வித்தியாசம், அங்கே ஆசிரியர் சத்தத்தை அடித்துவிட்டுத் தப்பியதை வைத்துக்கொள்வார்.

இனி குதிரை விதி.

ஒரு காலத்தில் எங்கள் இலாகாவில் கடற்கரை ரோந்து குதிரையில்தான் நடந்தது. மணலில் சைக்கிள் போகாது, மோட்டார் வண்டி இல்லை. ஆகவே, இன்ஸ்பெக்டராக உறுதிசெய்யப்படும் முன் ஒருவர் குதிரையேற்றத் தேர்வில் தேறியிருக்க வேண்டும் என்று விதி எழுதினார்கள். அதன்படி, யாருடைய உதவியும் இல்லாமல் ஏற வேண்டும். நடையில் மைதானத்தை ஒரு சுற்று வர வேண்டும். பிறகு டிராட்டில், அதாவது நடைக்கும் ஓட்டத்துக்கும் நடுவில் உள்ள வேகத்தில், அரை மைல் போக வேண்டும். அப்போது குதிரையின் தாளத்துக்கு ஏற்ப, சேணத்தில் தொங்கும் கால்வளையமான அங்கவடியில் ஊன்றி எழும்பி எழும்பி உட்கார வேண்டும். நிறுத்த வேண்டும், இறங்க வேண்டும். தேர்வு நடத்துபவரும் அதே தேர்வில் தேறியவராக இருக்க வேண்டும்.

நான் சேர்ந்தபோது இலாகாவில் ஒரு குதிரைகூட இல்லை. ரோந்து கால்நடையாகவும் தோணியிலும் நடந்தது. விதி மட்டும் இருந்தது. ஸ்டோர் அறையில் ஒரு சேணமும் இருந்தது, கரையான் பாதி தின்றபடி.

இதற்கு ஒரு வழக்கம் ஏற்பட்டிருந்தது. சீனியர் இன்ஸ்பெக்டர் குரியன் எனக்கு விளக்கினார்.

“ஜெட்டியில மைதீன்னு ஒரு ஜட்காக்காரன் உண்டு. அவன் வண்டியை அவிழ்த்துட்டு குதிரையை ஆபீஸ் முற்றத்துக்குக் கொண்டுவருவான். நீ ஏறி இரு. அவன் பிடிச்சுக்கிட்டு தூங்குமூஞ்சி மரத்தை ஒரு சுற்று சுற்றுவான். சார் வராந்தாவில இருந்து பார்ப்பார். ஒரு சாயா குடிக்கிற நேரம். நானும் அப்படித்தான் பாஸ் ஆனேன்.”

“அரை மைல்?”

“மரம் பெரிய மரமாக்கும்.”

மேனனிடம் போய்த் தேர்வுக்கு நாள் கேட்டேன். விதிப் புத்தகத்தை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்து என் பக்கம் திருப்பி வைத்தார்.

“வாசிச்சோ?”

“வாசிச்சேன் சார்.”

“அப்போ அதைச் செய்யணும். டிசம்பர் வரை நேரம் உண்டு. பழகிக்கோ.”

டிசம்பரில் என் தகுதிகாண் பருவம் முடிகிறது. அதற்குள் தேறாவிட்டால் கொல்லத்துக்குத் திரும்ப வேண்டும், பழைய கிளார்க் நாற்காலிக்கு. அந்த நாற்காலி பதிவறை வாசலில் இருந்தது. கதவு திறக்கும்போதெல்லாம் அதில் உட்கார்ந்திருப்பவர் எழுந்து நிற்க வேண்டும். எனக்குக் கல்யாணமாகி எட்டு மாதம். இன்ஸ்பெக்டர் மாப்பிள்ளை என்று சொல்லித்தான் பெண் கொடுத்திருந்தார்கள். அக்டோபர் முதல் வாரம் மைதீனைத் தேடிப் போனேன்.

மைதீன் பொள்ளாச்சிப் பக்கத்துத் தமிழர். நாற்பது வயதிருக்கும். கொச்சங்காடியில் ஒரு கிடங்குச் சுவரை ஒட்டி ஓலை வேய்ந்த லாயம் வைத்திருந்தார். குதிரையின் பெயர் சிட்டு. அது ஒரு பெரிய, அகலமான, அவசரப்படாத பெண்குதிரை. வேறு குதிரை கிடைக்குமா என்று முதலில் விசாரித்தேன். பனயப்பள்ளிப் பக்கம் ஒரு வெள்ளைக் குதிரை இருந்தது. கல்யாண ஊர்வலக் குதிரை. போய்ப் பார்த்தேன். பாண்டு வாத்தியம் இல்லாமல் அது நடக்காது என்றார்கள். சிட்டுவோடு நின்றேன். ஸ்டோர் அறையில் கரையான் விட்டுவைத்த சேணத்தைத் தைத்து எடுத்துக்கொண்டேன்.

கோட்டைக் கொச்சிப் பரேடு மைதானத்தில் காலை வேளைகளில் பாடம் நடந்தது. ஏறுவது, உட்காருவது, கடிவாளத்தை இழுக்காமல் பிடிப்பது, நடை. எனக்கு மோசமில்லாமல் வந்தது. மைதீன் பக்கத்திலேயே நடந்து வருவார்.

“உட்காரு சாரே. மூட்டை மாதிரி உட்காரு. மூட்டை எப்பவாச்சும் விழுந்து பார்த்திருக்கீங்களா?”

“பார்த்திருக்கேன்.”

“அது கட்டாத மூட்டை.”

மூன்றாவது வாரம், டிராட்டில் எழும்பி உட்காரப் பழக வேண்டும் என்றேன். மைதீனுக்குப் புரியவில்லை.

“எதுக்கு எழும்பணும்? உட்காரத்தானே ஏறினோம்?”

“ரூல்ல அப்படி இருக்கு.”

“ரூல் எழுதினவன் குதிரைமேல உட்கார்ந்தா எழுதினான்?” என்றவர், எழும்பி உட்காருவதைத் தான் செய்ததும் இல்லை, யாரும் செய்து பார்த்ததும் இல்லை என்றார். அவர் கற்றது வண்டி ஓட்ட. ஆனாலும் மறுநாள் லாயத்திலிருந்து கிளம்பும்போதே தெருவில் முயன்று பார்க்கலாம் என்று ஒப்புக்கொண்டார். தெரு நேரானது. கிடங்குகள் எட்டு மணிக்குத்தான் திறக்கும். அன்று பார்த்து விடியும் முன்பே சுக்குத் தோணிகள் வந்து சேர்ந்திருந்தன. தெரு முழுக்கக் கைவண்டிகள். ஒரு பக்கமாக வழி இருந்தது. போகலாம் என்றார் மைதீன்.

சிட்டு டிராட்டுக்கு வந்தாள். மைதீன் கூடவே ஓடினார். அங்கவடியில் காலை ஊன்றி எழும்பினேன்.

அந்தக் கணத்தில் சிட்டு நின்றாள். மெதுவாகி நிற்கவில்லை. நின்றாள், அவ்வளவுதான். நான் நிற்கவில்லை. அவளுடைய கழுத்தின் இடது பக்கமாகப் போனேன். தரையில் சுக்கின் சுண்ணாம்புத் தூள் கொட்டியிருந்தது. முழங்கையும் இடது தோளும் முதலில் பட்டன.

ஆறு மணி நாற்பது அப்போதுதான்.

“சாரே,” என்றான் கைவண்டிக்காரர்களில் ஒருவன். இலாகாச் சீருடையை அவர்கள் எல்லோருக்கும் தெரியும். “வரி கட்டாம ஒரு சரக்கு இங்கெ இறங்கிக் கிடக்கு. பிடிக்கலையா?”

“சுண்ணாம்பு பூசியாச்சு. இனி வெயில்ல காய வச்சா கப்பல்ல ஏத்தலாம்,” என்றான் இன்னொருவன்.

எழுந்து நின்றேன். ஏதும் உடையவில்லை என்று தெரிந்தது. திரும்ப ஏறும் எண்ணம் எனக்கு இல்லை. குதிரையைக் கையில் பிடித்து லாயத்துக்கு நடத்திப் போய், கொல்லத்துக்குக் கிளம்ப எத்தனை பெட்டி வேண்டும் என்று யோசிப்பதாக இருந்தேன். கடிவாளத்தைப் பிடித்து இழுத்தேன். சிட்டு வரவில்லை. மைதீன் இழுத்தார். வரவில்லை. நாக்கால் சத்தம் கொடுத்தார், விலாவில் தட்டினார். அவள் தெருவுக்குக் குறுக்கே நின்று நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். முன்னால் மூன்று கைவண்டி, பின்னால் நாலைந்து.

“என்ன ஆச்சு இவளுக்கு?” என்றேன்.

மைதீன் தலையைச் சொறிந்தார். பிறகு அவர் முகத்தில் வெளிச்சம் வந்தது.

“சாரே, நீங்க எழும்பினீங்க இல்லே? ஆள் இறங்குறதா நெனச்சுட்டா.”

ஜட்காவில் ஏறுவதும் இறங்குவதும் பின்பக்கமாக. பின்னால் ஒருவர் காலை வைத்ததும் வண்டியின் பின்புறம் தாழும், முன்னால் உள்ள சட்டங்கள் மேலே தூக்கும், குதிரையின் முதுகிலிருந்து பாரம் விடும். ஏறியவர் முன்னே நகர்ந்து உட்கார்ந்ததும் பாரம் முதுகுக்குத் திரும்பும். பாரம் விட்டால் நிற்க வேண்டும், பாரம் வந்தால் போக வேண்டும். வருடக்கணக்காக மட்டாஞ்சேரி ஜெட்டியில் சிட்டு கற்ற பாடம் இது. அங்கவடியில் நின்றாலும் ஆளின் எடை குதிரைமேல்தான் இருக்கிறது என்று பின்னால் நான் வாதிட்டுப் பார்த்தேன். ஆனால் முதுகின் நடுவே இருந்த அழுத்தம் போய்விடுகிறது. அவளுக்கு அதுதான் கணக்கு.

“இப்ப என்ன செய்யணும்?”

“ஏறணும். இறங்கினவர் ஏறாம இவ நகரமாட்டா.”

“நீங்க ஏறுங்க.”

“என் கால் பாருங்க.” கூட ஓடியதில் ஆணி குத்தி ரத்தம் வந்துகொண்டிருந்தது. தரையில் அதை ஊன்றவே அவருக்கு முடியவில்லை.

பின்னாலிருந்து கைவண்டிக்காரர்கள் கத்த ஆரம்பித்தார்கள். கிடங்குக் கணக்கப்பிள்ளை வெளியே வந்து, யாருடைய குதிரை என்று மலையாளத்திலும் குஜராத்தியிலும் கேட்டார். ஒரு சுமைக்காரர் முன்னே வந்து குனிந்து, தோளைக் காட்டினார். “காலை வை சாரே. நூத்தம்பது ராத்தல் தூக்கின தோள். நீ ஒண்ணுமில்லை.”

அவர் தோளில் கால் வைத்து ஏறினேன். உட்கார்ந்தேன், மூட்டை மாதிரி. சிட்டு உடனே நகர்ந்தாள்.

“ரைட், ரைட்!” என்று பஸ் கண்டக்டர் குரலில் யாரோ கூவினார்கள். தெரு திறந்தது.

விழுந்தவன் உடனே திரும்ப ஏற வேண்டும், இல்லையென்றால் பயம் உள்ளே தங்கிவிடும் என்று பின்னாளில் ஒரு டாக்டர் எனக்குச் சொன்னார். இருக்கலாம். நான் ஏறியது போக்குவரத்துக்காக.

வீட்டுக்கு வந்தபோது என் மனைவி கோமதி வாசலில் நின்றிருந்தாள்.

“எங்கெ விழுந்தீங்க?”

“கொச்சங்காடியில.”

“அது தெரியும், மீன்காரி சொல்லியாச்சு. உடம்புல எங்கென்னு கேட்டேன்.”

தோளைக் காட்டினேன். எண்ணெய் சூடு பண்ணிக்கொண்டு வந்தாள். தடவிவிட்டபடியே, “கொல்லத்துல வீடு கிடைக்குமா?” என்று கேட்டாள். கேலியாகக் கேட்கவில்லை.

தொடர்ந்து பழகினேன். எழும்பும்போதெல்லாம் சிட்டு நின்றாள். நான் பிடரி மயிரைப் பிடித்து விழாமல் இருக்கக் கற்றுக்கொண்டேன். அவளுக்கு வேறு பாடம் சொல்லிக்கொடுக்க வழி இல்லை. காலையில் என்னோடு ஒரு மணி நேரம், மீதி நாள் முழுக்க ஜெட்டியில் ஆள் ஏற்றி இறக்கினாள்.

டிசம்பரில் தேர்வு. பரேடு மைதானத்தில் மேனன் குடையைத் தோளில் இடுக்கி, ஒரு கையில் விதிப் புத்தகமும் மறு கையில் பென்சிலுமாக நின்றார். உதவியில்லாமல் ஏறினேன். புத்தகத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டார். நடையில் சுற்றி வந்தேன். இன்னொரு கோடு. பிறகு டிராட். எழும்பினேன், நின்றாள். உட்கார்ந்தேன், கிளம்பினாள். எழும்பினேன், நின்றாள். அரை மைல் முழுவதும் அப்படியே போனோம், நிறுத்தத்துக்கு நிறுத்தம் ஆள் இறக்கும் வண்டி மாதிரி. ஒருமுறையும் விழவில்லை. நிறுத்தினேன், இறங்கினேன். மேனன் பென்சிலைப் புத்தகத்தில் வைக்கவில்லை.

“எழும்பினதைக் கண்டேன். ஓடினதைக் கண்டேன். ரெண்டும் ஒருமிச்சுக் கண்டில்லா.”

மைதீன் முன்னே வந்து ஜட்காவின் கதையைச் சொன்னார். மேனன் குறுக்கிடாமல் கேட்டார்.

“அப்போ குற்றம் குதிரையுடையது, ஆளுடையது அல்ல என்கிறீர்.”

“ஆமா சார். குதிரைக்குக் குத்தம் இல்ல, பழக்கம்.”

“அப்படி எழுதலாம். குதிரை தகுதியில்லாதது, ஆகவே தேர்வு நடக்கவில்லை என்று. நடக்காத தேர்வில் யாரும் தோற்பதில்லை.” என் பக்கம் பார்த்தார். “ஆனால் நான் எப்படி எழுதுவேன்? இந்தக் குதிரைமேல் நான் ஏறிப் பார்க்கவில்லையே.”

குடையை மடக்கி என்னிடம் கொடுத்தார். கண்ணாடியைக் கழற்றிக் கூட்டில் வைத்து அதையும் கொடுத்தார். கால்சட்டையின் கீழ்ப்பக்கத்தை இரண்டு மடிப்பு மடித்தார்.

“சார்,” என்றேன், “வேண்டாம் சார். நீங்க பாஸானவர்தான், ஆனாலும் ரொம்ப நாள் ஆயிருக்கும்.”

“பாஸானதாகக் காகிதம் உண்டு. அன்று மாவு மில் முற்றத்தில் ஒரு கழுதை நின்றது. அன்றைய சூப்பரிண்டெண்ட், ஒரு வெள்ளைக்காரச் சாய்ப்பு, அதைக் காட்டி, இதுதான் குதிரை, ஏறினதாக வைத்துக்கொள் என்றார். அவருக்கு டென்னிஸுக்கு நேரமாகியிருந்தது.” அங்கவடியைத் தடவிப் பார்த்தார். “இதுதான் முதல் தடவை.”

மைதீன் கையைக் கோத்துப் பிடித்து ஏற்றிவிட்டார். ஐம்பத்து மூன்று வயது மனிதர், கண்ணாடி இல்லாமல், எதிரில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் குதிரைமேல் நேராக உட்கார்ந்திருந்தார். சிட்டு நடந்தாள், பிறகு டிராட்டுக்கு வந்தாள். மேனன் எழும்பினார். நான் போன அதே இடது பக்கமாகப் போனார்.

ஓடினோம். மல்லாந்து கிடந்தார். பால் கொண்டுபோன ஒரு பெண் செம்பைக் கீழே வைத்துவிட்டு வந்து நின்றாள். மேனன் எழுந்து உட்கார்ந்து கையை நீட்டினார். தூக்கிவிடப் போனேன். கண்ணாடி வேண்டும் என்றார். போட்டுக்கொண்டு சிட்டுவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவள் காத்துக்கொண்டிருந்தாள்.

“போதும் சார். பார்த்தாச்சே,” என்றேன்.

“ஒரு தடவை விழுந்தால் ஆளின் குற்றமாகவும் இருக்கலாம்.” கண்ணாடியைக் கழற்றித் திரும்பவும் என்னிடம் கொடுத்தார். “பிடி.”

ஏறினார். இந்த முறை பிடரியைப் பிடித்துக்கொண்டார், விழவில்லை. சிட்டு நின்றாள். உட்கார்ந்தார், போனாள். எழும்பினார், நின்றாள். அப்படி மைதானத்தின் பாதி வரை போய்த் திரும்பி வந்தார்.

“மதி,” என்றார்.

மறுநாள் என்னை அறைக்குக் கூப்பிட்டு, மேலிடத்துக்கு எழுதிய அறிக்கையை வாசிக்கக் கொடுத்தார். இரண்டு பத்தி. குதிரையைத் தானே ஏறிச் சோதித்ததாகவும், அது சவாரிக்குத் தகுதியற்றது என்றும், ஆகவே தேர்வு நடக்கவில்லை, ஆறுமுகம் மேல் குறை இல்லை என்றும் முதல் பத்தி. தனக்கு முன்பு வழங்கப்பட்ட குதிரையேற்றச் சான்று, தான் குதிரை ஏறாமலே வழங்கப்பட்டது என்று இரண்டாவது பத்தி.

“தெற்று ஏதாவது உண்டோ?”

“தப்பு இல்லை சார். ஆனா ரெண்டாவது பத்தி தேவையா?”

“என்ன காரணம்?”

நான் யோசித்தது என் காரணத்தை. தேர்வு நடத்துபவர் தேறியவராக இருக்க வேண்டும். மேனன் தேறாதவர் என்றால் குதிரையைப் பற்றி அவர் எழுதியதும் செல்லாது. அது செல்லாவிட்டால் எனக்குக் கொல்லம். இதைச் சொன்னேன். மறைக்கவில்லை. மூன்று மாதத்தில் அவருக்குப் பதவி உயர்வு வர வேண்டும் என்று ஆபீஸில் எல்லோருக்கும் தெரியும். அதையும் சொன்னேன்.

மேனன் அறிக்கையைத் திரும்ப வாங்கி முழுவதும் படித்தார்.

“ஆறுமுகம் சொன்னது சரி. உன் வேலை போகலாம். எனக்கு அதில் சங்கடம் உண்டு.” கண்ணாடியைக் கழற்றவில்லை. “ஆனால் முதல் பத்தியில் நான் சோதித்தேன் என்று எழுதியிருக்கிறது. சோதிக்க நீ யார் என்று கேட்டால் பதில் வேண்டுமே. பதில் இதுதான்.”

கையெழுத்துப் போட்டார்.

அடுத்த சில வாரங்கள் நான் என் மேஜை இழுப்பறையில் எதையும் புதிதாக வைக்கவில்லை. குரியன் என்னிடம் பேசும்போது குரலைத் தாழ்த்தினார். என் மாமனார் வந்து இரண்டு நாள் தங்கிவிட்டு, எதையும் கேட்காமல் போனார். மேனன் வழக்கம்போல் மூட்டைக்குள் கையை விட்டு முகர்ந்துகொண்டிருந்தார். இடது காலை மட்டும் கொஞ்சம் சாய்த்து நடந்தார்.

பிப்ரவரியில் ஆணை வந்தது. அதிலும் இரண்டு பத்தி. இந்தச் சரகத்தில் தகுதியான குதிரையும் இல்லை, தேர்வு நடத்தத் தகுதியானவரும் இல்லை என்று தெரியவருவதால், ஆறுமுகத்துக்குத் தேர்விலிருந்து விலக்களித்து அவரை உறுதிசெய்கிறோம். இது முதலாவது. சூப்பரிண்டெண்ட் மேனன், அவரே ஒப்புக்கொண்டபடி, விதிக்கப்பட்ட தேர்வில் தேறாதவர். தேறும்வரை அவருடைய பதவி உயர்வு நிறுத்திவைக்கப்படுகிறது. இது இரண்டாவது.

மேனன் அதை நின்றபடியே எனக்கு வாசித்துக் காட்டினார். முதல் பத்தி முடிந்ததும் கையை நீட்டி என் கையைக் குலுக்கினார். பிறகு இரண்டாவதை வாசித்தார்.

“சார், உங்களுக்கும் விலக்கு கேட்டு எழுதலாமே,” என்றேன்.

“நான் கேட்டால் கிடைக்கும். பிறகு?” தாளை மடித்தார். “ஆவட்டே. மைதீன் காலையில் எத்தனை மணிக்கு வண்டி பூட்டுவான்?”

மறுநாளிலிருந்து அவர் பரேடு மைதானத்துக்கு வந்தார். நானும் போனேன்.

“உங்களுக்குத்தான் ஆர்டர் வந்தாச்சே, இன்னும் என்ன குதிரை?” என்றாள் கோமதி.

“அவர் ஏறும்போது கண்ணாடி பிடிக்க ஆள் வேணும்.”

கிளம்பும் முன் சாயா போட்டுத் தந்தாள்.

முதல் வாரம் மேனன் பலமுறை விழுந்தார். விழுந்தால் எழுந்து, கையைத் தட்டிவிட்டு, அங்கவடியைக் கையால் தேடிப் பிடித்துத் திரும்ப ஏறுவார். சத்தம் போடுவதில்லை, குதிரையைத் திட்டுவதில்லை, தமாஷும் பேசுவதில்லை. இடையில் மழைக்காலம் நாலு மாதம் மைதானத்தைக் கெடுத்தது. பிறகு மறுபடியும் வந்தார்.

அந்த ஆண்டு கடைசியில் ஒரு காலை, மேனன் எழும்பியபோது சிட்டு நிற்கவில்லை. அவரே எதிர்பார்க்காததால் பின்பக்கமாகச் சரிந்தார், பிடித்துக்கொண்டார். மறுபடி எழும்பினார். போய்க்கொண்டே இருந்தாள். எழும்பி, அமர்ந்து, எழும்பி, அமர்ந்து, மைதானத்தை முழுதாக ஒரு சுற்று வந்தார். இறங்கியதும் மைதீனைப் பார்த்துத் தலையசைத்தார். மைதீனுக்குச் சந்தோஷம் பாதிதான்.

“சாருக்குப் படிஞ்சுட்டா. எனக்குக் கெட்டுட்டா,” என்று என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். “நேத்து ஜெட்டியில ஒரு சேட்டு இறங்கும்போது இவ நடந்துட்டே இருந்தா. அவர் கால் ஒண்ணு வண்டியில, ஒண்ணு ரோட்டுல. என்னா பேச்சு பேசினார் தெரியுமா! இனி ஆள் இறங்கும்போது நான்தான் கீழே குதிச்சுப் பிடிக்கணும்.”

சொன்னபடியே பிடிக்கவும் செய்தார். குதிரையை மாற்றவில்லை.

தேர்வு நடத்தத் தகுதியான ஓர் அதிகாரி திருவனந்தபுரத்திலிருந்து வர ஒப்புக்கொண்டு, இரண்டு தடவை தேதி மாற்றி, மூன்றாம் தடவை வந்தார். மைதானத்தின் ஓரத்தில் குரியன் நின்றார். ஆபீஸ் முழுக்க நின்றது. கொச்சங்காடியிலிருந்து சுமைக்காரர்கள் சிலரும் வந்திருந்தார்கள். நான் கண்ணாடிக் கூட்டைக் கையில் வைத்திருந்தேன். ஏறுவது, நடை, டிராட்டில் அரை மைல், நிறுத்துவது, இறங்குவது. வந்த அதிகாரி ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு போட்டார்.

மேனன் தேறினார். அது மார்ச் மாதக் கடைசி வாரம்.

ஏப்ரல் முப்பதாம் தேதி அவர் ஓய்வு பெற்றார், சூப்பரிண்டெண்டாகவே.